ஆறு நாள் ஏற்றம், ஆறு நாள் இறக்கம்

அந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். என் மேசைக்கு எதிரே, மாணவர்களுக்கென்று போட்டிருந்த கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கோடு போட்ட முழுத்தாளில், நீல மையில் எழுதினாள். "எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்ற வரி வந்தபோது பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதும்மா. எல்லாக் கடிதத்துலயும் இப்படித்தான் எழுதுவாங்க" என்றேன்.

எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள்.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்தவன். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டி. அந்தத் தாளில் இருந்தது பொய். அது பொய் என்று எழுதும்போது அவளுக்குத் தெரியும். எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத் தெரிந்தது. தெரிந்த பிறகு நான் செய்ததைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

என் துறை, சூரிய மின்கலத்துக்குக் கணித மாதிரி எழுதுவது. கேட்பதற்குப் பெரிதாக இருக்கும், விஷயம் எளிது. ஒரு மின்கலத்தைத் தாளில் நான்கு உறுப்புகளாக வரைந்துவிடலாம். வெயில் பட்டால் மின்னோட்டம் தரும் ஒரு மூலம், அதில் ஒரு பங்கைத் தானே விழுங்கிக்கொள்ளும் ஒரு டையோடு, வழியில் நின்று தடுக்கும் ஒரு மின்தடை, பக்கவாட்டில் கசியவிடும் இன்னொரு மின்தடை. இவற்றுக்கு ஐந்து எண்கள். அந்த ஐந்தும் சரியாகக் கிடைத்துவிட்டால், இன்றைக்கு வெயில் இவ்வளவு, தகட்டின் சூடு இவ்வளவு என்று சொன்னால் போதும். அது எத்தனை வோல்ட் தரும் என்று தகட்டின் பக்கத்திலேயே போகாமல் சொல்லிவிடலாம். பக்கத்திலேயே போகாமல் என்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது.

தகடு சூடானால் மின்னழுத்தம் குறையும். அது எவ்வளவு சூடாகும் என்பதற்கும் நான் ஒரு சூத்திரம் வைத்திருந்தேன். காற்றின் வெப்பம், வெயிலின் அளவு, இவற்றோடு ஒரு மாறிலி. அந்த மாறிலியைக் கல்லூரி மொட்டை மாடியில் இரண்டு கோடைக்காலம் அளந்து கண்டுபிடித்தேன். காவிரி டெல்டாவுக்கான மாறிலி என்று கட்டுரைகளில் எழுதினேன். வெளியூர்க் கருத்தரங்குகளில் என்னை அந்த மாறிலியின் பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்தார்கள். டெல்டா என்று நான் எழுதியது ஒரு சிமெண்டுத் தளத்தை.

அவள் வெண்ணாற்றின் கடைமடையில், முத்துப்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு கிராமத்திலிருந்து வந்தவள். அப்பா கூலி வேலைக்குப் போனவர். பிறகு கொஞ்சம் நிலம் வாங்கி, கொஞ்சம் குத்தகைக்கும் எடுத்து விவசாயி ஆனவர். அம்மா அப்போதும் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர்கள் வயலில் அரசுத் திட்டத்தில் ஒரு சோலார் பம்ப்செட் போட்டிருந்தார்கள். ஒருநாள் அவளே கேட்டாள்:

"சார், மாடியில இருக்கற பிளேட்டும் வயல்ல இருக்கற பிளேட்டும் ஒரே மாதிரியா நடந்துக்கும்?"

நல்ல கேள்வி. என் மாறிலி வயலிலும் நிற்கிறது என்று காட்ட அது உதவும் என்பதால் எனக்கும் பிடித்தது. வெயிலை அளக்கும் கருவி ஒன்று, ஒரு மல்டிமீட்டர், மின்தடையைக் கூட்டிக் குறைக்க ஒரு ரியோஸ்டாட் கொடுத்தேன். தகட்டின் முதுகில் ஒட்டி நேராகச் சூட்டை அளக்க ஒரு தெர்மோகப்பிள் வேண்டும் என்று கேட்டாள்.

"எதுக்கு? சூத்திரம் இருக்குல்ல?" என்றேன்.

என் அலமாரியில் இரண்டு தெர்மோகப்பிள்கள் பெட்டி பிரிக்காமல் இருந்தன.

சம்பா நடவிலிருந்து அறுவடை வரைக்கும் அவள் தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வயலில் நின்று அளந்தாள். வாரத்தில் ஒரு நாள் மட்டும், அளந்து முடித்துவிட்டு, மன்னார்குடி வந்து பஸ் மாறி மாலையில் கல்லூரிக்கு வருவாள். தை கடைசியில் எல்லாவற்றையும் ஒரு வரைபடமாகப் போட்டு எடுத்துவந்தாள். அளந்த மின்னழுத்தத்திலிருந்து மாதிரி சொன்ன மின்னழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதை நாள்வாரியாகப் புள்ளி வைத்திருந்தாள். மாதிரி சரியாக இருந்தால் புள்ளிகள் சுழியைச் சுற்றி இறைந்து கிடக்க வேண்டும். இவை இறைந்து கிடக்கவில்லை. ஆறு நாள் மேலே, ஆறு நாள் கீழே, மறுபடி ஆறு நாள் மேலே என்று பல் வைத்த அரிவாள் மாதிரி போயின. பருவத்தின் பின்பாதியில் அந்தப் பற்கள் மழுங்கிவிட்டன.

"இது மட்டும் புரியல சார்" என்று அவளாகவே காட்டினாள். மறைக்க நினைப்பவள் அதைக் கொண்டுவந்து காட்டியிருக்க மாட்டாள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இயற்கையில் ஆறு நாள் கணக்கு எதுவும் இல்லை, அதனால் இது மனிதர் போட்ட கணக்கு என்று தோன்றியது. அந்த முடிவின் பாதி சரி.

மாசியில் ஆய்வுக் குழு கூடியது. நான், என் துறைச் சகா ஒருவர், வெளியூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். அவளுக்கு முன்னறிவிப்பு எதுவும் தராமல் அந்த வரைபடத்தைத் திரையில் போட்டேன்.

"தினம் மத்தியானம் வயல்ல நின்னு எடுத்தியாம்மா?"

"ஆமா சார்."

"ஒரு நாள்கூட விடலை?"

"விடலை சார். அண்ணன் கல்யாணத்தன்னைக்குக்கூட பந்தியிலேர்ந்து எழுந்து போய் எடுத்துட்டு வந்தேன்."

வெளியூர்க்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பாக இருந்தது.

"அப்ப சூரியன்தான் ஆறு நாள் வேலை பாத்துட்டு ஆறு நாள் லீவு போடுது. நம்ம ஆபீஸ் ஆளுங்களே தேவலை போலிருக்கே."

இப்போது சகாவும் சிரித்தார்.

"தெரியல சார். அதைத்தான் உங்ககிட்ட கேக்கலாம்னு..."

"உனக்குத் தெரியல. எனக்குத் தெரியுது. ஆறு நாள் அளந்தே. ஆறு நாள் வீட்டுல உக்காந்து எழுதினே. கடைசியில எழுதி எழுதி உனக்கே அலுத்துப் போச்சு. அதான் பின்னாடி ஏத்தமும் இல்ல, இறக்கமும் இல்ல."

"இல்ல சார். எல்லாம் அளந்ததுதான் சார்."

"உங்கம்மா நடவுக்குப் போறவங்கதானே?"

"ஆமா சார்."

"நாத்து நடுறவங்ககூட கயிறு புடிச்சு நடுவாங்கம்மா. நீ கயிறே இல்லாம நம்பரை நட்டு வெச்சிருக்கே."

அந்த வாக்கியம் கோபத்தில் வாய்தவறி வந்ததல்ல. முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன். கூட்டத்தில் எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்திருந்தேன். திருவையாற்றுப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு நிலம் உண்டு. தலைமுறையாகக் குத்தகைக்கு விட்டு நெல்லாக வாங்கிச் சாப்பிட்டவர்கள். நடவு ஆட்களிடம் எங்கே தொட்டால் வலிக்கும் என்பது எனக்குப் படித்துத் தெரிந்ததல்ல.

அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. திரையில் இருந்த ஏற்றங்களை உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய பதிவுக் காலம் ஆடி மாதக் கடைசியோடு முடிவதாக இருந்தது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஆறு ஆண்டு உழைப்பும் போய்விடும். கொடுப்பதற்கு என் கையெழுத்து வேண்டும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூட்டம் முடிந்த மறுவாரம் அவளைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னேன். வயலில் எடுத்த எண்களில் பாதியை அளக்காமல் தானாக எழுதியதாக ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் தர வேண்டும். அதை என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்வேன், யாருக்கும் அனுப்ப மாட்டேன். அவள் அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டு, மாடியில் எடுத்த எண்களை மட்டும் வைத்து ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம்.

"அனுப்ப மாட்டீங்கல்ல சார்?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"எம் பேச்சுல நம்பிக்கை இல்லேன்னா எழுத வேண்டாம்" என்றேன்.

அப்படி எழுதப்பட்டதுதான் முதலில் சொன்ன கடிதம். அதன் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு தேற்றத்தின் நிரூபணம் போல அமைத்தேன். பின்னால் யாரும் எந்தப் பக்கத்திலிருந்தும் நுழைய முடியாதபடி எல்லாச் சந்துகளையும் அடைத்தேன். எழுதி முடித்ததும் அதைப் படித்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

சித்திரையில் அவளுடைய அப்பா என்னைப் பார்க்க வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு துணிப்பை. என் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. உட்காரச் சொல்லவில்லை. கடிதத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

"ஐயா, எம் பொண்ணு ஏதோ தப்பா எழுதிப்புடுச்சுன்னு பேசிக்கிறாங்க. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. சோறும் எறங்க மாட்டேங்குது அதுக்கு."

"அது படிப்பு விஷயம். உங்களுக்குப் புரியாது."

"புரியாதுங்கய்யா. ஆனா அது ஒருநாளும் தப்புனதில்லீங்க. பன்னண்டு மணிக்கு நான் எந்தக் கொல்லையில நின்னாலும், அது துண்டப் போத்திக்கிட்டு வரப்புல போறது தெரியும். அதப் பாத்துட்டுத்தான் நாங்கள்லாம் சாப்புடவே கரையேறுவோம்."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தார்.

"ஒருவேளை எம்மேல ஏதும் தப்பு இருக்குமோன்னுதான் வந்தேன். அந்தப் பிளேட்ட நான் அப்பப்ப தொட்டிருக்கேன். அடியில கைய வெச்சுப் பாப்பேன்."

"எதுக்கு?"

"சும்மாத்தாங்க. முறைத் தண்ணி ஏறி வயல்ல நிக்கிறப்ப கைய வெச்சா சூடே தெரியாது. தண்ணி வடிஞ்சு நாலு நாளாச்சுன்னா சுள்ளுன்னு கைய எடுத்துக்கணும். அது ஒரு வேடிக்கை. அப்படித் தொட்டதுல மிஷினு ஏதும் கெட்டுப்போயிருக்குமாங்கய்யா?"

"கண்டவங்க கண்டதையும் தொட்டா கெட்டுத்தான் போகும்" என்றேன்.

அவர் முகம் என்ன ஆனது என்று நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் எழுதியிருப்பேன். துணிப்பையை மேசையின் ஓரத்தில் வைத்தார். "வயல்ல வெளைஞ்ச உளுந்துங்க" என்று சொல்லி, கும்பிட்டுவிட்டுப் போனார். பையை நான் மறுக்கவில்லை.

அவர் படியிறங்கிப் போய் அரைமணி நேரம் ஆகியிருக்கும். மதியச் சாப்பாட்டை எடுத்து வைத்து, பாதியில் என் கை நின்றது.

முறைத் தண்ணீர்.

தண்ணீர் தாராளமாக இல்லாத ஆண்டுகளில், கல்லணையில் காவிரிக்கு ஆறு நாள், வெண்ணாற்றுக்கு ஆறு நாள் என்று மாற்றி மாற்றித் திறப்பார்கள். முறைப் பாசனம் என்று பெயர். டெல்டாவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எங்கள் குத்தகைக்காரர் அந்தப் பருவம் முழுக்க எனக்குப் போன் செய்து, "நாளைக்கு நம்ம பக்கம் முறை ஆரம்பிக்குதுங்க" என்று சொல்லியிருக்கிறார். நான் "சரி" என்று சொல்லியிருக்கிறேன். சில நாள் அந்தப் போன் வரும்போது என் மேசை மேல் அவளுடைய எண்கள் விரிந்து கிடந்திருக்கின்றன.

சாப்பாட்டை மூடிவிட்டு நூலகத்துக்குப் போனேன். பழைய செய்தித்தாள்களை எடுத்து, வெண்ணாற்றில் தண்ணீர் திறப்பதாக வந்த அறிவிப்புகளைத் தேதிவாரியாகக் குறித்தேன். கல்லணையிலிருந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர மூன்று நாள் என்று வைத்துக்கொண்டு அவளுடைய வரைபடத்தின் மேல் பொருத்தினேன். ஒரு பல்கூடத் தவறவில்லை. வயலில் தண்ணீர் நின்றால் தகட்டின் அடியில் குளிர்ச்சி. மின்னழுத்தம் மாதிரி சொன்னதைவிட ஏறும். தண்ணீர் வடிந்து சேறு காய்ந்தால் இறங்கும். பயிர் வளர்ந்து தரையை மூடிய பிறகு தண்ணீர் நின்றாலும் வடிந்தாலும் அதிக வேறுபாடு இல்லை. அதனால்தான் பின்பாதியில் பற்கள் மழுங்கின. அவளுக்கு அலுத்துப் போனதால் அல்ல.

மாதிரியும் அளவும் அவ்வளவு அழகாகப் பொருந்தி என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் சந்தோஷமாகவே இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. அவள் எண்கள் சரி என்றால் என் மாறிலி தப்பு. வயலுக்கு ஒரே மாறிலி கிடையாது. தண்ணீரோடு அது மாறிக்கொண்டே இருக்கிறது. ஆவணியில் ஒரு பெரிய கருத்தரங்கில் அந்த மாறிலியைப் பற்றித்தான் நான் பேசுவதாக இருந்தேன். அதை உடைத்தது, நடவுக்காரி மகள் என்று நாலு பேர் முன்னால் நான் கேலி செய்த பெண். உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. செய்தித்தாள்களைக் கட்டி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அந்த உளுந்தில் வடை சுட்டார்கள். நல்ல உளுந்து. ஐந்து சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து அவள் வந்தாள். கதவைத் தட்ட மறந்து உள்ளே வந்தாள். அவள் அப்படி ஒருநாளும் செய்ததில்லை. கையில் சுருட்டிய வரைபடத் தாள். முகமெல்லாம் வியர்வை.

"சார், முறைத் தண்ணி சார்! சூரியன் இல்ல சார், தண்ணி! வாய்க்கால் லஸ்கர்கிட்ட போய் நோட்டை வாங்கிப் பாத்தேன். எங்க ஊரு மதகு தொறந்த தேதி, மூடுன தேதி எல்லாம் எழுதி வெச்சிருக்கார். அப்படியே ஒக்காருது சார்!"

லஸ்கர் என்பது மதகைத் திறந்து மூடும் பாசன ஊழியர். நான் செய்தித்தாளைத் தேடிப் போனேன். அவள் மதகைத் திறந்தவரையே தேடிப் போயிருக்கிறாள். அவள் வேலை என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. தாளை என் மேசை மேல் விரித்து, சுருளாமல் இருக்க என் பேப்பர்வெயிட்டையே எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"ஒரே ஒரு தெர்மோகப்பிள் மட்டும் குடுங்க சார். ஆனியில தண்ணி வந்துடும். ஒரு முறை வந்து போறதை அளந்தாப் போதும், காட்டிடுறேன். ஆடிக்குள்ள அந்தச் சாப்டரையும் சேத்து எழுதிடுவேன் சார். ராத்திரி பகல் பாக்க மாட்டேன்."

அலமாரிச் சாவி இழுப்பறையில் இருந்தது. அதே இழுப்பறையில்தான் கடிதமும்.

"மாசியில கேட்டப்ப தெரியலைன்னே. இப்ப உக்காந்து கதை ஜோடிச்சிட்டு வந்திருக்கியா?"

அவளுக்கு நான் சொன்னது உடனே புரியவில்லை. சிரித்த முகம் அப்படியே இருந்தது.

"இல்ல சார், நோட்டு இருக்கு சார். நீங்களே வந்து பாக்கலாம்."

"பொய்யின்னு ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தது யாரு?"

"நீங்கதானே சார் சொன்னீங்க? அனுப்ப மாட்டேன்னு..."

"நான் சொன்னேனா? கையெழுத்து யாரோடதும்மா?"

அவள் தாளை எடுத்துச் சுருட்டினாள். பேப்பர்வெயிட்டை இருந்த இடத்தில் திருப்பி வைத்தாள். அவள் வெளியே போன காலடி ஓசை அடங்குவதற்குள் நான் கடிதத்தை உறையில் போட்டு, கடைநிலை ஊழியரைக் கூப்பிட்டு, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். அடுத்த நாளுக்குத் தள்ளிப்போட்டால் மனம் மாறிவிடுமோ என்று பயந்தேன். ஆனி முடிவதற்குள் அவளுடைய பதிவு ரத்தானது. வழக்கப்படி கருவிகளை ஒப்படைக்கச் சொல்லி நான்தான் ஓலை அனுப்பினேன். மல்டிமீட்டரைத் துடைத்து, பழைய அட்டைப் பெட்டியிலேயே வைத்து ஆய்வகத்தில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

இரண்டு ஆண்டு கழித்து, அந்தப் பெட்டி பிரிக்காத தெர்மோகப்பிள்களை எடுத்து, திருவையாற்றில் எங்கள் வயலில் தகடு நிறுத்தி, குத்தகைக்காரரை விட்டு ஒட்டச் சொன்னேன். நின்ற நீருக்கு ஒரு புதிய உறுப்பைச் சேர்த்து என் சூத்திரத்தைத் திருத்தி எழுதினேன். அந்தக் கட்டுரை முந்தினவற்றைவிட அதிகப் பெயர் வாங்கித் தந்தது. கடைசிப் பத்தியில் டெல்டா விவசாயிகளுக்கு நன்றி தெரிவித்திருந்தேன்.

ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்ற ஆண்டு என் வீட்டு மாடியில் தகடு பொருத்த இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் திருகை முடுக்கிக்கொண்டே, "இங்கே சிமெண்டு சூடு சார், கொஞ்சம் கம்மியாத்தான் எடுக்கும். வயல்ல தண்ணி நிக்கற இடத்துல வெச்சா ஜோரா எடுக்கும். இதெல்லாம் யாருக்குத் தெரியாது?" என்றார். நான் கீழே இறங்கி வந்து, நடந்ததை எல்லாம் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். என் மேல் நடவடிக்கை எடுக்கலாம், அவளுடைய பதிவைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதினேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. ஓய்வுபெற்ற கிழவனிடமிருந்து பறிக்க அவர்களிடமும் ஒன்றும் இல்லை.

பதில் வராததால் நானே போன் செய்தேன். பேசிய அதிகாரி மரியாதையாகப் பேசினார்.

"பழைய ஃபைலை எடுத்துப் பாத்தோம் சார். அந்தப் பொண்ணு தானே கைப்பட எழுதிக் குடுத்திருக்கே."

"அதை நான்தான் சொல்லி எழுத வெச்சேன்."

"எவருடைய வற்புறுத்தலும் இல்லாமன்னு தெளிவாப் போட்டிருக்கு சார். எந்த எந்த நாள், எந்த எந்த நம்பர், எல்லாம் வரிசையா ஒத்துக்கிட்டிருக்கு. ஒரு ஓட்டை இல்ல. பெரிய வக்கீல் எழுதின மாதிரி இருக்கு."

"அதைத்தான் சொல்றேன். அது ஒரு மாணவி எழுதக்கூடிய கடிதமா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "வயசாக ஆக மனசு இளகிடுது சார். எங்கப்பாவும் இப்படித்தான், யாரோ பண்ணின தப்பையெல்லாம் தான் பண்ணினதாச் சொல்லுவார். நீங்க உடம்பைப் பாத்துக்குங்க" என்றார்.

அதை அவளிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று புறப்பட்டேன். ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மன்னார்குடியில் பஸ் மாறி, ஊருக்குப் போய், விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் பக்கத்து ஊரில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துவதாக வழியில் சொன்னார்கள். வாசலில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார்" என்று நாற்காலி போட்டாள். கைப்பிடி வைத்த நாற்காலி.

எல்லாவற்றையும் சொன்னேன். உளுந்தைக்கூட விடவில்லை. அவள் சிவப்புப் பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தெரியும் சார்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்க கட்டுரையைப் படிச்சேன். கல்லணையிலேர்ந்து எங்க ஊருக்குத் தண்ணி வந்து சேர மூணு நாள்னு நான் போட்டிருந்தேன். உங்க ஊருக்கு அரை நாள்னு மாத்தியிருந்தீங்க. மத்தபடி எல்லாம் அதேதான்."

பல்கலைக்கழக அதிகாரி சொன்னதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். அது கசந்த சிரிப்பாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். நிஜமாகவே சிரிப்பு வந்து சிரித்தாள்.

"நீங்க சொல்லி நான் எழுதுனது நிக்கிது. நீங்களே எழுதுனது நிக்க மாட்டேங்குது. இல்ல சார்?"

"நான் இனிமே என்ன செய்யணும், சொல்லும்மா."

"எனக்கு ஒண்ணும் செய்ய முடியாது சார். விட்டுடுங்க." விடைத்தாள் கட்டை ஒதுக்கி வைத்தாள். "அப்பாகிட்ட மட்டும் ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. பிளேட்டைத் தொட்டுத்தான் என் படிப்பைக் கெடுத்துட்டேன்னு அன்னையிலேர்ந்து நெனச்சுக்கிட்டிருக்கார். மோட்டார் போடணும்னாக்கூட குச்சியாலதான் சுவிட்சைத் தட்டுவார். நூறு தடவை சொல்லிட்டேன். 'பெரிய சாரே சொல்லிட்டாரு'ங்கறார்."

அவள் கூட்டிப் போனாள். அவர் வயலில் இருந்தார். உடம்பு மெலிந்து கூன் விழுந்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு முறைத் தண்ணீர் ஏறியிருந்தது. நட்டுச் சில வாரமே ஆன பயிருக்கு நடுவே இரும்புக் கால்களில் தகடுகள் நின்றன.

"நீங்க தொட்டதால எதுவும் கெட்டுப்போகல. அன்னைக்கு நான் பொய் சொன்னேன். உங்க பொண்ணு மேலயும் தப்பு இல்ல. எல்லாத் தப்பும் என்னுதுதான்" என்றேன்.

"இருக்கட்டுங்கய்யா" என்றார்.

"நான் சொல்றது நிஜம். நீங்க கையை வெச்சு சொன்னீங்களே, அதுதான் சரி. அதுலதான் எல்லாமே இருந்தது."

"அதெல்லாம் பெரிய மனசுங்கய்யா. இவ்வளவு படிச்சவங்க, இந்த வயசுல பஸ் ஏறி வந்து, எங்க மனசு நோகக் கூடாதுன்னு தப்பத் தம்மேல போட்டுக்கிறீங்க. யாருக்கு வரும் இது?" அவர் கண் கலங்கிவிட்டது. மகளைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, நான் சொன்னேன்ல, சார் நல்லவரு. நம்ம நேரம் அப்படி" என்றார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேறு வழி தெரியாமல், செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பிலிருந்து சேற்றில் இறங்கினேன். தகட்டின் அடியில் கையை வைத்தேன். திருவையாற்றில்கூட நான் அதைச் செய்ததில்லை. கருவியை ஒட்டியது குத்தகைக்காரர், எண்கள்தான் என்னிடம் வந்தன. உச்சி வெயில் தலையைப் பிளந்தது. அடியில் சூடே இல்லை.

"இங்க பாருங்க. நான் தொடுறேன். ஒண்ணும் ஆகலை. நீங்களும் வந்து வெச்சுப் பாருங்க."

அவர் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்க தொடலாங்கய்யா" என்றார்.

கிளம்பும்போது வீட்டுக்குள் போய் ஒரு துணிப்பையை எடுத்துவந்து நீட்டினார். கோடையில் விளைந்த உளுந்து. நான் வேண்டாம் என்று கையை அசைத்தேன். அவர் முகம் மாறியது. அவள் என் பக்கத்தில் வந்து, அவருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"வாங்கிக்கங்க சார். வாங்கலைன்னா உங்களுக்கு இன்னும் கோவம் தீரலைன்னு நெனச்சுக்குவார்."

வாங்கிக்கொண்டேன்.